டெலியா இருக்கும் பக்கம்

லாரி டெவனி தினமும் காலையில் எழுந்து, அடுப்பைக் கிளறி நிலக்கரி போட்டு, காப்பிக்குத் தண்ணீர் வைத்து, முகம் மழித்து, கொல்லைக் கதவைத் திறந்து நின்று எதிர்ச் சுவரைப் பார்த்து ஒரு பந்தை வீசுவான். பந்து எதிர்ச் சுவருக்குப் போகாது. டெலியா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தால் கூண்டுப் பக்கம் திரும்பும். மாடியில் படுக்கையை உதறிக்கொண்டிருந்தால் மேலே எழும்பி ஜன்னலுக்குக் கீழே செங்கல்லில் மோதும். தெருப் பம்படியில் நின்றால் வேலியைத் தாண்டிப் போய்விடும். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்ததும் காப்பியை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போட மறந்துட்டே" என்பாள். பெரும்பாலும் மறந்திருப்பான். பிறகு அவள் சலவைக்கூடத்துக்கும் அவன் மைதானத்துக்கும் போவார்கள். ஹட்சன் ஆறு ஜனவரியில் உறையும், மார்ச்சில் உடையும், லாரி டெவனியின் பந்து அவன் மனைவி இருக்கும் பக்கம் வளையும். ஆர்டன் ஊரில் இம்மூன்றையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள்.

ஆர்டன் காலர் ஊர். நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் குமாஸ்தாக்கள் கழுத்தில் மாட்டிக்கொண்ட வெள்ளைக் காலர்களை அங்கே வெட்டித் தைத்து, வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்கிப் படகேற்றினார்கள். ஆண்கள் இரும்பு வார்ப்படக் கூடத்திலும் பெண்கள் சலவைக்கூடத்திலும் வெந்தார்கள். லாரி பாதிரிமார் கல்லூரியில் இரண்டு வருடம் லத்தீனும் வடிவியலும் படித்தவன். அப்பா வார்ப்படக் கூடத்தில் செத்துப்போனதும் படிப்பை விட்டு ஊர் திரும்பினான். திரும்பிய வாரம், சலவைக்கூடத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் வார்ப்படக்கூடத்துப் பையன்களோடு பந்து விளையாடினான். அந்த நாளில் பந்தை இடுப்புக்குக் கீழிருந்துதான் வீச வேண்டும். அவன் நேராக வீசியது பாதி வழியில் இடப்பக்கம் திரும்பி, சலவைக்கூடத்தின் திறந்த கதவு வழியாக உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் முழங்கை வரை கஞ்சியோடு வெளியே வந்தாள். கையில் பந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரோடது இது? கஞ்சி வேணும்னா கிண்ணம் கொண்டு வரணும். பந்தை அனுப்பக் கூடாது."

"நேராத்தான் வீசினேன்" என்றான் லாரி.

"எல்லா ஆம்பளையும் அப்படித்தான் சொல்றான்" என்று அவள் பந்தை அவன் சட்டையில் துடைத்துக் கொடுத்தாள். அது டெலியா. அந்தப் பந்து காய்ந்ததும் கல்லாகிவிட்டது. அறுவடைக் காலம் முடிவதற்குள் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

மறு வருடம் காலர் முதலாளிகள் சேர்ந்து ஆர்டனுக்கு ஒரு பேஸ்பால் அணி வைத்தார்கள். ஸ்லோகம் என்பவர் நிர்வாகி. எப்போதும் இருமிக்கொண்டே பேசும் மனிதர். அவர் லாரியை மாதச் சம்பளத்துக்கு எடுத்தார். பந்து விளையாடச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை லாரியின் அம்மா சாகும்வரை நம்பவில்லை. மகன் எங்கோ திருடுகிறான் என்று பாவமன்னிப்புக் கூண்டில் போய் அவனுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பந்து வளையாது, வளைவது போலத் தெரிவது கண் மயக்கம் என்று ஆல்பனியிலிருந்து ஒரு பேராசிரியர் படகில் வந்தார். மைதானத்தில் ஒரே கோட்டில் மூன்று கம்புகளை நட்டார். லாரி வீசினான். பந்து முதல் கம்புக்கு வலமாகவும் நடுக் கம்புக்கு இடமாகவும் போய் மீண்டும் வலமாக வந்தது. டெலியா அப்போது வேர்க்கடலை விற்பவனைத் தேடி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள். பேராசிரியர் அவளிடம், "அம்மா, கொஞ்சம் ஒரே இடத்துல நில்லுங்க" என்றார். நின்றாள். பந்து அந்தப் பக்கம் போனது. வேறு பக்கம் நிற்கச் சொன்னார். பந்து வேறு பக்கம் போனது. அவர் கம்புகளைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, கயிற்றால் கட்டினார். "இது விஞ்ஞானம் இல்லை, குடும்ப விஷயம்" என்று சொல்லிவிட்டு மத்தியானப் படகில் போய்விட்டார்.

ஸ்லோகம் விவரமானவர். ஆட்ட நாட்களில் டெலியாவுக்குச் சலவைக்கூடத்திலிருந்து விடுப்பு வாங்கிக்கொடுத்தார். உட்கார ஒரு மெத்தையும் கொடுத்தார். பார்வையாளர் மேடை மைதானத்தின் தெற்கே, மட்டைக்காரனுக்கு முதுகுப்புறம் இருந்தது. அவள் மேடையின் இடக்கோடியில் உட்கார்ந்தால் பந்து அந்தப் பக்கம் வளையும். பேசிக்கொண்டே வலக்கோடிக்கு நகர்ந்தால் இந்தப் பக்கம் வளையும். எழுந்து நின்றால் பந்து மேலே ஏறும். கைக்குட்டையைத் தவறவிட்டு எடுக்கக் குனிந்தால் பந்து மட்டைக்குக் கீழே விழும். அந்தக் காலத்தில் மட்டைக்காரன் தனக்கு உயரப் பந்து வேண்டுமா தாழ்ந்த பந்து வேண்டுமா என்று நடுவரிடம் கேட்டு வாங்கலாம். கேட்டபடியே லாரி வீசுவான். பந்து கிளம்பிய பிறகு டெலியாவுக்குக் கைக்குட்டை தவறும். எத்தனையோ மட்டைகள் காற்றை அடித்தன. ஜெயித்த அணி ஆட்டப் பந்தை எடுத்துப்போய்த் தங்க முலாம் பூசி, தேதியும் ஓட்ட எண்ணிக்கையும் எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். ஸ்லோகம் அந்தப் பந்துகளை லாரிக்கே கொடுத்தார். சமையலறையில் ஒரு நீளப் பலகையில் அவை வரிசையாக இருந்தன. லாரி கை பட்ட பந்துகள் என்பதால் அவையும் சும்மா இருக்கவில்லை. டெலியா அடுப்படிக்கு நடந்தால் அடுப்புப் பக்கம் உருளும். வாசலுக்குப் போனால் வாசல் பக்கம் உருளும். கீழே விழாமல் இருக்கப் பலகைக்கு ஒரு விளிம்பு அடித்தான். இரவில் அவள் புரண்டு படுக்கும்போது கீழே அவை மெல்ல நகரும் சத்தம் கேட்கும்.

இந்தப் பந்தைப் பிடிக்க ஒருவன் வேண்டும். அந்த நாளில் கையுறை கிடையாது. மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று வெறுங்கையால் பிடிக்க வேண்டும். பலர் வந்தார்கள், விரல்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் மார்ட்டின் ஹாக்கெட் வந்தான். கல் உடைக்கும் குடும்பம். சிவந்த புருவம், பெரிய காது, யாரோடும் சண்டை இல்லை. வந்த அன்றே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பந்து எந்தப் பக்கம் வரும் என்று தெரிய வேண்டுமானால் டெலியா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தலையைத் திருப்பி மேடையைப் பார்ப்பான். பார்த்துவிட்டு லாரியை நோக்கித் தலையசைப்பான். லாரி வீசுவான். மார்ட்டி பிடிப்பான். ஆர்டன் ஜெயித்தது. மார்ட்டிக்கு லாரி தன் வீட்டு மாடியிலேயே ஓர் அறை கொடுத்தான்.

இரண்டு கோடைகாலம் இப்படிப் போனது. மூன்றாவதில் வூஸ்டர் ஊரில் ஓர் ஆட்டம். டெலியாவும் ரயிலில் போயிருந்தாள். வேலிமேல் உட்கார்ந்திருந்த ஒரு கசாப்புக்காரன், மார்ட்டி தலையைத் திருப்பிய நேரம் பார்த்து வாயைக் குவித்துக் கத்தினான்.

"டேய் சிவப்புப் புருவம்! பந்தைப் பாருடா! பொண்டாட்டியைப் பாக்காதே! அதுவும் அடுத்தவன் பொண்டாட்டியை!"

மேடை முழுவதும் சிரித்தது. டெலியாவும் சிரித்தாள். மார்ட்டிக்குக் காது சிவந்தது. லாரி கையில் பந்தை வைத்துக்கொண்டு நின்றான். அதுவரை அவன் அதைப் பார்வை என்று நினைத்ததில்லை. காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துப் பார்ப்பது போல ஒன்று என்றுதான் நினைத்திருந்தான். அன்று முதல் நினைக்க முடியவில்லை. ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்துகளோ அத்தனை முறை ஒருவன் தன் மனைவியைப் பார்க்கிறான், பார்த்துவிட்டுத் தன்னிடம் தலையசைத்து அனுமதி கொடுக்கிறான். பக்கம் தெரிய ஒரு கண் சிமிட்டும் நேரம் போதும். மார்ட்டி இரண்டு சிமிட்டும் நேரம் எடுத்துக்கொள்வதாக லாரிக்குப் பட்டது. டெலியா புதுத் தொப்பி வைத்திருந்த நாளில் மூன்று.

மாலையில் வேறு ஒன்று இருந்தது. ஆட்டம் முடிந்து வந்ததும் டெலியா ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி, உப்பும் வினிகரும் போட்டுச் சமையலறை மேசையில் வைப்பாள். மார்ட்டி இரண்டு கைகளையும் அதில் விடுவான். விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கி இருக்கும். அவள் ஒவ்வொரு விரலாக எடுத்து இழுத்து நேராக்குவாள். உடைந்ததற்குக் காலர் வெட்டிய துண்டுத் துணியைக் கஞ்சியில் முக்கிச் சுற்றுவாள். காய்ந்தால் மரப்பட்டை போல் நிற்கும். முன்பும் இதெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. லாரி எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பான். இப்போது செய்தித்தாளின் மேல் விளிம்புக்கு மேல் இரண்டு தலைகள் தெரிந்தன.

"ஆ! மெதுவா டெலியா."

"மைதானத்துல கல்லு மாதிரி நின்னுட்டு இப்ப என்ன பொம்பளை மாதிரி கத்தறே? பொம்பளை கத்த மாட்டா. கைய நீட்டு."

"உன் புருஷன் மனுஷன் மேல வீசறான்னு நினைப்பில்லாம வீசறான்."

"லாரி, கேட்டியா?"

லாரி பக்கத்தைத் திருப்பினான்.

மறுநாள் அவன் இன்னும் வேகமாக வீசினான். வேகமாக வீசினால் மார்ட்டியின் விரல் உடையும். விரல் உடைந்தால் டெலியா அதை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருப்பாள். நெடுநேரம் பிடித்தால் மறுநாள் லாரி இன்னும் வேகமாக வீசுவான். இதை அவன் உணராமல் இல்லை. வட்டத்துக்கு மூலை கிடையாது என்று கல்லூரியில் படித்திருந்தான். பத்திரிகைகள் இந்த வேகத்தைப் புகழ்ந்தன. டெட்ராய்ட் அணியிலிருந்து ஒருவர் வந்து அவன் தோளை நாடாவால் அளந்துகொண்டு போனார். எதில் ஓடும் இயந்திரம் அது என்று எவருக்கும் தெரியவில்லை. அந்தக் கோடை முழுவதும் மட்டைக்காரர்கள் பந்தைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லவில்லை, சத்தம் கேட்டதாகத்தான் சொன்னார்கள். லாரி காலைப் பந்தை வீசுவதையும் விடவில்லை. ஆனால் பந்து போன இடத்துக்குக் காப்பியைக் கொண்டுபோவதை விட்டுவிட்டான். அவள் இருக்கும் இடம் தெரிந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அடுத்த வருடம் மே மாதம், பஃபலோ அணி வந்திருந்தது. காலையில் லாரி சொன்னான்.

"இன்னிக்கு நீ வர வேண்டாம்."

"ஏன், மழை வருமா?"

"வர வேண்டாம்னா வர வேண்டாம்."

"நான் வரலைன்னா பந்து எங்க போகும்?"

"நேராப் போகும்."

"என்னைக்கு அது நேராப் போச்சு?" என்றாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுக் கோழிகளைப் பார்க்கப் போனாள்.

மைதானத்தில் மார்ட்டி பழக்கத்தில் தலையைத் திருப்பினான். மேடையில் மெத்தை மட்டும் இருந்தது. "டெலியா எங்கடா?" என்று கத்தினான். "வீட்டுல" என்றான் லாரி. சொல்லும்போது அவனுக்கு நன்றாக இருந்தது. வீடு மைதானத்துக்குக் கிழக்கே. மார்ட்டி கிழக்கே சாய்ந்து நின்றுகொண்டான். அன்று வெள்ளிக்கிழமை. ஆர்டனில் ஐரிஷ் கத்தோலிக்கர் வீடு எதிலும் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. மே மாதத்தில் ஹட்சனில் ஷாட் மீன் ஏறிவரும். மத்தியானம் படகுகள் திரும்பும்போது பெண்கள் எல்லாரும் கூடையோடு படகுத்துறையில் நிற்பார்கள். பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை மீன் தின்றவன் லாரி. பொறாமை அவன் நினைவிலிருந்து கிழமையைத் துடைத்துவிட்டது. படகுத்துறை மைதானத்துக்கு மேற்கே.

லாரி தன் வாழ்நாளில் வீசியதிலேயே வேகமான பந்து அதுதான் என்று அன்று இருந்தவர்கள் சொல்கிறார்கள். அது மட்டைக்காரன் முன்னால் தரையில் பதித்த தட்டை நெருங்கி மேற்கே திரும்பியது. மார்ட்டி கடைசிக் கணத்தில் வலது கையைக் குறுக்கே அந்தப் பக்கம் நீட்டினான். சத்தம் மேடை வரை கேட்டது. கட்டைவிரல் பின்னால் மடங்கி மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு விரல்கள் யாரோ ஒருவருடையவை போல இருந்தன. மார்ட்டி தரையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான், கத்தவில்லை.

டெலியா மீன் கூடையோடு வீட்டுக்கு வந்தபோது மார்ட்டி மேசையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லாரி ஜன்னலோரம் நின்றிருந்தான். அவள் கூடையைக் கீழே வைத்தாள். மார்ட்டியின் கையைப் பார்த்தாள். பிறகு லாரியைப் பார்த்து, "வெள்ளிக்கிழமைன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி எப்போதும் பேசவில்லை. பேசினில் வெந்நீர் ஊற்றினாள்.

ஒரு வாரம் கழித்து லாரி மார்ட்டியிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னான். மார்ட்டி இடது கையாலேயே பெட்டியைக் கட்டினான். படியிறங்கி வந்தவன் வாசலில் நின்றான்.

"டேய் லாரி. நான் பாத்தது பந்து வர்ற பக்கம்டா."

"இனிமே பாக்க வேண்டியதில்லையே."

"நீ என்னைக்காவது அவ பக்கம் பாத்திருக்கியா? அவ அங்க உக்காந்து உன்னைத்தான் பாத்துட்டிருப்பா. நீ என்னைத்தான் பாத்துட்டு நின்னே."

லாரி கதவைச் சாத்தினான்.

மார்ட்டி ஆற்றோரத்தில் திருமதி ட்வோமியின் விடுதியில் தங்கினான். அங்கே வெந்நீர் காலையில் மட்டும்தான். அதனால் டெலியா தினமும் மாலையில் வீட்டிலேயே தண்ணீர் சுடவைத்து, பேசினில் ஊற்றி, ஆறாமலிருக்க மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு தெருத் தெருவாக நடந்து ஆற்றோரம் போவாள். மறைக்கவில்லை. நடுத்தெருவில்தான் போனாள். "எங்க டெலியா, சூப்பா?" என்று வாசல்படிகளிலிருந்து கேட்பார்கள். "மார்ட்டி கை சூப்" என்பாள். லாரி சமையலறையில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். தங்கப் பந்துகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு ஆற்றுப் பக்க மூலையில் கிடக்கும். இரவுச் சாப்பாடு அவன் முன்னால் ஆறும். வெகுநேரம் கழித்து ஒரு பந்து அசையும். பிறகு மற்றவை. அவள் தெருமுனை திரும்பும்போது எல்லாம் வாசல் பக்கம் உருண்டு வரும். அவள் உள்ளே வந்து, "சாப்பிடலையா?" என்பாள். அந்தக் கோடையில் அவர்கள் பேசியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அணி தோற்றுக்கொண்டிருந்தது. புதிதாகப் பிடிக்க வந்தவர்கள் ஒருநாள் நின்றார்கள், மறுநாள் ரயிலேறினார்கள். ஸ்லோகம் இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்து, "தம்பி, உன் சம்சாரத்தை மேடைக்கு வரச் சொல்லு" என்றார். டெலியா அடுப்படியிலிருந்து, "மார்ட்டி கை ஆறட்டும். வர்றேன்" என்றாள்.

ஆகஸ்ட்டில் ஆற்றுத் தண்ணீரோடு டைஃபாய்டு வந்தது. தெருவில் ஏழெட்டு வீடுகளில் படுத்தார்கள். டெலியா படுத்த அன்று பேசினை எடுக்க முடியவில்லை. அண்டை வீட்டுக்காரியை விட்டு மார்ட்டியை வீட்டுக்கே வரச் சொன்னாள். அண்டை வீட்டுக்காரிதான் தினமும் மாலை வந்து கீழே தண்ணீரைச் சுடவைத்துக் கொடுத்தாள். மார்ட்டி சமையலறையில் உட்கார்ந்து ஒரு கையால் மறு கையை நனைத்துக்கொள்வான். ஆனால் விரலை இழுக்க இன்னொருவர் வேண்டும். லாரி அவனை மாடி ஏற விடவில்லை, தானும் கீழே இறங்கவில்லை. டெலியாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கீழே மார்ட்டி நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டால் டெலியாவின் தலை தலையணையில் அந்தப் பக்கம் திரும்பும். லாரி அதைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வெயில் இன்னும் சுவரில் இருக்கும்போது இறந்தாள். பாதிரியார் வந்தார். சவப்பெட்டி வந்தது. வடக்கே குன்றின் மேல் உள்ள கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்டி தெருவில் போகப் போக சமையலறையில் தங்கப் பந்துகள் பலகையில் நகர்ந்து வடக்கு மூலையில் சேர்ந்ததாக, சாப்பாடு வைக்க வந்த அண்டை வீட்டுக்காரி சொன்னாள். அவற்றை அப்புறம் யாரும் நகர்த்தவில்லை, அவையும் நகரவில்லை.

அடக்கம் முடிந்த அன்று மாலை லாரி டெவனி தண்ணீர் சுடவைத்தான். உப்பும் வினிகரும் போட்டான். பேசினின் மேல் தட்டைக் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் ஏந்தி, கறுப்புக் கோட்டோடு நடுத்தெருவில் நடந்து ஆற்றோரம் போனான். வாசல்படிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திருமதி ட்வோமி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

"என்னடா இது?" என்றான் மார்ட்டி.

"கைய நீட்டு."

"சுடுதுடா."

"சுடத்தான் வேணும்."

லாரி கட்டைவிரலைப் பிடித்தான். மார்ட்டி இல்லை என்று தலையாட்டினான். "நடுவிரல்லேர்ந்து. அவ எப்பவும் நடுவிரல்லதான் ஆரம்பிப்பா. இழுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்குவா. நீயும் பிடிச்சுக்க."

டெலியா மூச்சைப் பிடித்துக்கொள்வாள் என்பது லாரிக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்து அத்தனை மாலையும் பார்த்திருக்கிறான், தெரியாது. இவனிடம் அவளைப் பற்றி இன்னும் என்னென்ன இருக்கிறதோ. அவன் நடுவிரலை எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். மறுநாளும் போனான். ஒவ்வொரு மாலையும் மார்ட்டியின் கையிலிருந்து ஏதாவது ஒன்று வந்தது. சுண்டுவிரலைக் கட்டும்போது அவள் ஏதோ முணுமுணுப்பாள், பாட்டு இல்லை, சலவைக்கூடத்துத் துணிக் கணக்கு. முடித்ததும் தட்டைத் திருப்பி அதில் முகம் பார்த்துக்கொள்வாள். லாரி கேட்டுக்கொண்டான். சில மாலைகளில் கேட்டுவிட்டு அப்படியே எழுந்து போனான். பனிக்காலம் வந்ததும் பேசினைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் தெருவில் நடப்பது முட்டாள்தனம் என்று மார்ட்டியே பெட்டியைக் கட்டிக்கொண்டு பழைய மாடியறைக்கு வந்துவிட்டான்.

வசந்தத்தில் லாரி மீண்டும் வீசினான். குன்று மைதானத்துக்கு வடக்கே, வீசுபவனின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் கையிலிருந்து கிளம்பிய பந்து பாதி தூரம் போய் யோசித்தது. போக மனமில்லாத பிள்ளையைப் போல மெல்ல மெல்ல வந்தது. மட்டைக்காரன் அது வரும் முன்பே சுழற்றி முடித்து, இரண்டாம் முறை சுழற்றலாமா என்று நடுவரைப் பார்த்தான். பந்து அவனைக் கடந்து மார்ட்டியின் கையில் வந்து உட்கார்ந்தது. சத்தமே இல்லை. வளைந்த கட்டைவிரலோடு பிடிக்க அது போதுமாக இருந்தது. அதன் பிறகு மார்ட்டியின் விரல் ஒன்றுகூட உடையவில்லை. வெளியூர் ஆட்டங்களில் பந்து ஆர்டன் எந்தத் திசையோ அந்தத் திசைக்கு வளைந்தது. பாஸ்டனில் மேற்கே, டெட்ராய்ட்டில் கிழக்கே. ஸ்லோகம் ஒரு திசைகாட்டி வாங்கி மார்ட்டியின் பையில் போட்டார். எதிரணிகள் பேஸ்பால் சங்கத்துக்குப் புகார் அனுப்பின. செத்துப்போன மனைவியை விதி எதுவும் தடுக்கவில்லை என்று சங்கம் பதில் போட்டது. அந்த வருடமும் அடுத்த வருடமும் ஆர்டன் சங்கத்தின் வெற்றிக் கொடியை வென்றது.

மார்ட்டி பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பார்த்தான். இப்போது தலையைத் திருப்ப வேண்டியதில்லை. லாரியின் தோளுக்கு மேலாக, குன்றைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பான். அவள் லாரிக்கு முதுகுப்புறம் இருந்தாள், மார்ட்டிக்கு நேர் எதிரே இருந்தாள். ஓர் ஆட்டம் முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் மார்ட்டிக்குக் கிடைத்திருந்தது. லாரி திரும்பிப் பார்த்தால் நடுவர் அதட்டுவார். இதற்கு லாரி கடைசி வரை பழகவில்லை. சில நாள் ஆட்டம் முடிந்ததும் மார்ட்டியைத் தள்ளிவிட்டுத் தட்டுக்குப் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, அங்கிருந்து வடக்கே பார்ப்பான். மார்ட்டி வேலியில் சாய்ந்துகொண்டு காத்திருப்பான்.

"போதுமா?"

"இரு."

"உன் முறை எப்ப முடியும்டா? பசிக்குது."

பிறகு தோளுக்கு மேல் கையை ஓங்கி வீசலாம் என்று விதி மாறியது. மட்டைக்காரன் உயரம், தாழ்வு கேட்க முடியாது என்று மாறியது. எல்லாரும் கையுறை போட்டார்கள். வீசும் தூரம் நீண்டது. அந்தத் தூரத்துக்கு லாரியின் பந்து போய்ச்சேரவில்லை, நடுவழியில் நின்று புல்லில் இறங்கியது. ஸ்லோகம் அவனுக்குக் கைகொடுத்து அனுப்பினார். அணி கலைந்தது. மைதானத்தில் இப்போது காலர்ப் பெட்டிக் கிடங்கு இருக்கிறது. லாரி பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். மார்ட்டி அதே பள்ளியில் மணி அடிக்கிறான், இடது கையால். காலையில் லாரி எழுந்து அடுப்பைக் கிளறி, காப்பிக்குத் தண்ணீர் வைத்து, முகம் மழித்து, கொல்லைக் கதவைத் திறந்து பந்தை வீசுகிறான். அது வேலியைத் தாண்டி, தெருவைக் கடந்து, குன்றுப் பாதையில் மேல்நோக்கி உருண்டு போகிறது. காப்பியை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போகிறான். சர்க்கரை போட்டிருக்கிறான். பால்வண்டிக்காரன் வழிவிட்டு நிறுத்திக்கொள்கிறான்.

மாலையில் பேசின். மார்ட்டியின் விரல்கள் ஆறிப் பல வருடம் ஆயிற்று. வெந்நீருக்கு இனி அவசியமில்லை என்று இருவருக்கும் தெரியும். தெருவுக்கும் தெரியும். மார்ட்டி கையை நீட்டுகிறான், லாரி நடுவிரலில் ஆரம்பிக்கிறான்.

டெலியா கடைசியாக என்ன சொன்னாள் என்பதற்கு ஊரில் பல பதில்கள் உண்டு. இயேசுவின் பெயரைச் சொன்னதாகப் பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். கொடியை வென்று வரச் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டதாக அண்டை வீட்டுக்காரி சொல்கிறாள். மார்ட்டி அப்போது கீழே இருந்தான், தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறான். லாரி எதையும் மறுத்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அறையில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை. கீழே பேசினை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது, நாற்காலி நகர்ந்தது, டெலியா கண்ணைத் திறந்தாள். அவள் பேசியதும் தெளிவாகத்தான் இருந்தது. அவன் கேட்காதது போலச் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினான், எழுந்து போகவில்லை. கீழே தண்ணீர் ஆறியது. அவள் அதற்குப் பிறகு பேசவில்லை.

"தண்ணி ஆறுது லாரி. அவன் கைய நனைச்சுட்டு வா."